‘சொற்பட்டியலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டால்

ஒரு திறமூல மென்பொருள் திட்டத்தில் இப்போதுதான் கால் வைத்திருக்கிறீர்கள். நிரலைத் தொடும் தைரியம் இன்னும் வரவில்லை. ஆவணங்களில் கண்ணில் பட்ட இரண்டு மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்பினீர்கள், ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வாரம் பராமரிப்பாளர் ஒருவரிடமிருந்து ஒரு கோப்பு வருகிறது. “நம் ஆவணங்களுக்கு ஒரு சொற்பட்டியல் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். வரைவுதான், எண்பது சொல் இருக்கும். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.”

சரி, பார்க்கலாம். ஆனால் எதைப் பார்ப்பது?

என்னிடம் முதன்முதலில் இப்படி ஒரு பட்டியல் வந்தபோது, முதல் சொல்லில் ஆரம்பித்துக் கடைசிச் சொல் வரை வரிசையாகப் படித்தேன். நாலைந்து காற்புள்ளிகளைச் சரிசெய்தேன். நீளமாக இருந்த ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்தேன். “நன்றாக வந்திருக்கிறது” என்று எழுதி அனுப்பிவிட்டேன். பட்டியல் வெளியான கொஞ்ச நாளில் புதிய பயனர் ஒருவர், நிறுவும் பக்கத்தின் மூன்றாவது வரியில் வரும் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். பட்டியலில் தேடினேன், அந்தச் சொல்லே இல்லை. இருக்கிற எண்பதையும் ஒன்று விடாமல் படித்த எனக்கு, இல்லாத சொல் எது என்று தேடத் தோன்றவே இல்லை.

அன்று புரிந்த விஷயம்தான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. சொற்பட்டியலை யாரும் முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. வேறெங்கோ ஒரு வாக்கியத்தின் நடுவில் தடுக்கி விழுந்தவர்தான் அங்கே வருகிறார். அவர் எந்த வாக்கியத்திலிருந்து வந்தார் என்பது தெரியாமல் பட்டியலை மதிப்பிட முடியாது.

அகராதி வேறு, சொற்பட்டியல் வேறு

மக்கள் ஒரு சொல்லை எப்படியெல்லாம் புழங்குகிறார்கள் என்று பதிவு செய்வது அகராதி. பத்துப் பொருள் இருந்தால் பத்தையும் போடும். சொற்பட்டியலுக்கு அந்த வேலை இல்லை. ‘எங்கள் ஆவணங்களில் இந்தச் சொல் வந்தால் இதுதான் பொருள்’ என்று எழுதுகிறவர்கள் படிக்கிறவர்களுக்குக் கொடுக்கும் வாக்கு அது. அதனால் ஒரு திட்டத்தின் சொற்பட்டியலில் முழுக்கச் சரியாக இருக்கும் விளக்கம், இன்னொரு திட்டத்தில் முழுக்கத் தப்பாக இருக்கலாம்.

‘கிளஸ்டர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பல கணினிகளில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸின் ஆவணங்களில் கிளஸ்டர் என்றால் கூட்டாக வேலை செய்யும் கணினிகளின் தொகுதி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் ஆவணங்களிலும் ‘டேட்டாபேஸ் கிளஸ்டர்’ என்று வரும். பல கணினிகளைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று புதியவர் நினைத்துக்கொள்வார். அங்கே அதற்குப் பொருளே வேறு: ஒரே சர்வர் நிர்வகிக்கும் தரவுத்தளங்களின் தொகுப்பு. உங்கள் மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸை நிறுவி ‘இனிட்டிபி’ கட்டளையை ஓட்டினால் ஒரு கிளஸ்டர் உருவாகிவிடும். கணினி என்னவோ ஒன்றுதான். இத்தனை குழப்பம் தரக்கூடிய சொற்கள் இருந்தும், அந்த மென்பொருளின் கையேட்டில் சொற்பட்டியல் ஒரு பின்னிணைப்பாக வந்தது 2020-ல் வெளியான 13-ஆம் பதிப்பில்தான். பழுத்த திட்டங்கள்கூட இந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆகவே வரைவில் ‘கிளஸ்டர்: ஒன்றாக இயங்கும் கணினிகளின் கூட்டம்’ என்று இருந்தால், அது பொதுவாகச் சரிதானே என்று விட்டுவிடக் கூடாது. இந்தத் திட்டத்தின் ஆவணங்களில் அந்தச் சொல் எங்கே வருகிறது, அங்கே என்ன பொருளில் வருகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

ஆவணத்திலிருந்து ஆரம்பியுங்கள்

பட்டியலை மூடி வையுங்கள். ஆவணங்களில் மூன்று பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிறுவும் பக்கம். இன்னொன்று முதல் பாடம். மூன்றாவது, பிழைச்செய்தி வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பக்கம். மூன்றையும் நிதானமாகப் படித்து, உங்களை ஒரு நொடி நிறுத்திய சொல்லையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த மாதிரி இருந்து, யாராவது கேட்டால் சொல்ல வராது என்று தோன்றும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் அவைதான் அதிகம் இருக்கும்.

அப்புறம் பட்டியலைத் திறந்து ஒப்பிடுங்கள். உங்கள் தாளில் இருந்து பட்டியலில் இல்லாதவை ஒரு பக்கம் சேரும். பட்டியலில் இருந்தும் ஆவணங்களில் தேடினால் கிடைக்காதவை இன்னொரு பக்கம் சேரும். இரண்டாவது குவியல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ‘இணையம்’, ‘உலாவி’, ‘மென்பொருள்’ மாதிரியான சொற்களை வேறு ஏதோ பட்டியலிலிருந்து அள்ளிப் போட்டிருப்பார்கள். எண்பது என்ற எண்ணிக்கை எப்படி வந்தது என்று அப்போது புரியும். இவற்றை எடுத்துவிடலாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். பட்டியல் சுருங்கினால் பயன் கூடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சில சொற்கள் ஆவணத்தில் வராமல் மென்பொருளின் திரையிலோ பிழைச்செய்தியிலோ மட்டும் வரும். அவற்றை நீக்கச் சொல்லிவிடாதீர்கள். திரையில் பார்த்துவிட்டுத் தேடி வருகிறவர்தான் இருப்பதிலேயே அவசரத்தில் இருப்பவர்.

பைத்தான் நிரல்மொழியின் அதிகாரபூர்வ ஆவணங்களில் உள்ள சொற்பட்டியலைப் பார்த்தால் தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்று பிடிபடும். ‘ஆர்கியுமென்ட்’, ‘பாராமீட்டர்’ இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு இருக்கிறது. ஃபங்ஷனை (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல்துண்டை) எழுதும்போது அடைப்புக்குறிக்குள் வைக்கும் பெயர் பாராமீட்டர். அதை அழைக்கும்போது உள்ளே அனுப்பும் மதிப்பு ஆர்கியுமென்ட். பல வருடம் நிரல் எழுதியவர்களே பேச்சுவாக்கில் இரண்டையும் கலந்துவிடுவார்கள். ஒவ்வொரு பதிவும் மற்றதைப் பார்க்கச் சொல்கிறது. குழம்புகிற இடத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு பதிவைப் பிரித்துப் பார்ப்போம்

வரைவில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘டெப்ரிகேட்டட்: பழைய வசதி. பயன்படுத்தக் கூடாது.’

சின்னதாக, தெளிவாக இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. இப்போது இந்தச் சொல்லைத் தேடி வருகிறவர் யார் என்று யோசியுங்கள். மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். வழக்கமாக ஓட்டும் கட்டளையை ஓட்டினார். ‘இந்த ஆப்ஷன் டெப்ரிகேட்டட்’ என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அவர் மனதில் ஓடுவது மூன்று கேள்விகள். கட்டளை இன்று வேலை செய்ததா, செய்யவில்லையா? நாளைக்கும் செய்யுமா? இதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும்?

மேலே உள்ள விளக்கம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ‘பயன்படுத்தக் கூடாது’ என்று சொல்லிப் பயமுறுத்த மட்டும் செய்கிறது. ‘பழைய’ என்பதும் சரியில்லை. பழைய வசதிகள் எத்தனையோ எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. போன வருடம் வந்த வசதிகூட டெப்ரிகேட்டட் ஆகலாம்.

மாற்றி எழுதிப் பார்ப்போம்:

‘டெப்ரிகேட்டட்: இப்போதும் வேலை செய்கிற, ஆனால் பின்னால் வரும் ஒரு பதிப்பில் நீக்கப்படவிருக்கிற வசதி. புதிதாக எழுதுவதில் இதைச் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே சேர்த்திருந்தால், எச்சரிக்கையில் சொல்லியிருக்கும் மாற்று வழிக்கு மாறத் தொடங்குங்கள். ஒப்பிடுக: நீக்கப்பட்டது.’

இது தேவலை. ஆனால் இதோடு விடக் கூடாது. ‘நீக்கப்படவிருக்கிற’ என்பது ஒரு வாக்குறுதி. இந்தத் திட்டத்தில் டெப்ரிகேட்டட் என்று அறிவித்ததையெல்லாம் உண்மையிலேயே நீக்குகிறார்களா? சில திட்டங்களில் அறிவிப்போடு சரி, பழைய பயனர்களுக்காக வருடக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்கள். அப்படியென்றால் ‘நீக்கப்படக்கூடிய’ என்று எழுத வேண்டும். ஒரு விகுதி மாறினால் திட்டத்தின் கொள்கையே மாறிவிடுகிறது. இதை நீங்களாக முடிவு செய்யவும் முடியாது. பராமரிப்பாளரிடம் கேட்க வேண்டும். நல்ல மதிப்பாய்வில் இப்படிப்பட்ட கேள்வி இரண்டு வந்தாலே போதும், ஐம்பது காற்புள்ளித் திருத்தங்களைவிட மதிப்புள்ளது. சில சமயம் கேட்ட பிறகுதான் பராமரிப்பாளர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பது வெளிவரும்.

சொல்லை எடுத்துவிட்டு விளக்கத்தை வையுங்கள்

கலைச்சொல் பணிக்கான விதிமுறைகளைச் சொல்லும் ஐஎஸ்ஓ 704 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் ஒரு எளிய சோதனை உண்டு. வாக்கியத்தில் சொல் இருக்கும் இடத்தில் அதன் வரையறையை வைத்துப் பார்த்தால் பொருள் கெடாமல் இருக்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும்.

வரைவில் ‘களஞ்சியம்: கோப்புகளைச் சேமிக்கும் இடம்’ என்று இருக்கிறது. ஆவணத்தில் ‘களஞ்சியத்தை உங்கள் கணினிக்கு நகலெடுங்கள்’ என்று ஒரு வரி. மாற்றி வைத்தால் ‘கோப்புகளைச் சேமிக்கும் இடத்தை உங்கள் கணினிக்கு நகலெடுங்கள்’. ஒரு ஃபோல்டரை நகலெடுக்கச் சொல்வது போல இருக்கிறது. புதியவர் அதைத்தான் செய்வார்: திட்டத்தின் பக்கத்தில் ஜிப் கோப்பை இறக்கிக்கொண்டு, ‘பழைய மாற்றங்களைக் காட்டு’ என்ற அடுத்த பாடத்தில் ஒன்றும் வரவில்லையே என்று விழிப்பார். விளக்கம் அகலமாகிவிட்டதுதான் காரணம். கோப்புகளைச் சேமிக்கும் இடம் என்றால் பென்டிரைவும்தான்.

‘கிட்ஹப்பில் உள்ள திட்டப் பக்கம்’ என்று எழுதியிருந்தால் எதிர்ப்பக்கத் தவறு, குறுகிவிட்டது. களஞ்சியம் கிட்ஹப் என்ற இணையதளத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, உங்கள் கணினியில் மட்டுமே இருக்கலாம். ‘ஒரு திட்டத்தின் கோப்புகளும், அவற்றில் செய்யப்பட்ட மாற்றங்களின் வரலாறும் சேர்ந்த தொகுப்பு’ என்றால் மேலே சொன்ன வரியில் வைத்தும் படிக்க முடிகிறது, ஃபோல்டரோடு குழப்பவும் இல்லை.

இந்தச் சோதனையைச் செய்யும்போது சுற்றிச்சுற்றி வரும் விளக்கங்களும் தானாக மாட்டும். ‘மெர்ஜ்: இரண்டு பிராஞ்சுகளை மெர்ஜ் செய்தல்’ என்பது கண்ணிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் ஒளிந்திருப்பவை நீளமான வட்டங்கள். பிராஞ்ச் என்றால் கமிட்டுகளின் வரிசை என்று இருக்கும். கமிட் என்றால் பிராஞ்சில் சேர்க்கும் மாற்றம் என்று இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் குறையே தெரியாது. ஒரு தாளில் சொற்களை எழுதி, எது எதைச் சுட்டுகிறது என்று அம்புக்குறி போட்டால் வட்டம் தெரிந்துவிடும். அப்படி ஒரு வட்டம் இருந்தால் அதில் ஏதாவது ஒரு சொல்லையாவது வெறும் அன்றாடச் சொற்களால் விளக்கியாக வேண்டும். எதை உடைப்பது? ஆவணத்தில் முதலில் எதிர்ப்படும் சொல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வட்டத்தைக் கண்டுபிடிப்பதில் அனுபவசாலிகள் மோசம். அவர்களுக்கு எல்லாச் சொற்களும் ஏற்கெனவே தெரியும் என்பதால் எந்த விளக்கமும் விளங்கிவிடும். “இதைப் படித்தேன், எனக்குப் புரியவில்லை” என்று எழுதக்கூடியவர் திட்டத்துக்குப் புதிதாக வந்தவர் மட்டுமே. அந்த வாக்கியத்தை எழுதக் கூச்சப்பட வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதை எழுத உங்களாலும் முடியாது.

ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல பொருள்

நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதினார். அதில் கமிட் செய்வதற்கு, அதாவது வரலாற்றில் பதிவதற்கு, முன் மாற்றங்களை எடுத்து வைக்கும் இடத்துக்கு மூன்று பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன: இண்டெக்ஸ், கேச், ஸ்டேஜிங் ஏரியா. மாற்றங்களைக் காட்டும் டிஃப் கட்டளையில் ‘கேச்டு’ என்ற ஆப்ஷன் கொடுத்தாலும் ‘ஸ்டேஜ்டு’ கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும். கற்றுக்கொள்ள வருகிறவர் இவை மூன்றும் மூன்று இடங்கள் என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வது நியாயம்தான்.

இப்படிப்பட்ட சொற்களுக்கு வரைவில் மூன்று பதிவு, மூன்று விளக்கம் இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். விளக்கம் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். மற்ற இரண்டும் ‘அதைப் பார்க்க’ என்று வழிகாட்டினால் போதும். மூன்றுக்கும் விளக்கம் எழுதினால் ஒவ்வொன்றிலும் வார்த்தை கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தில் ஏதோ வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்று படிப்பவர் தேட ஆரம்பித்துவிடுவார்.

எதிர்ப்பக்கச் சிக்கல் ‘ஃபோர்க்’. யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்குவதற்கு அந்தப் பெயர். திறமூல உலகில் நீண்ட காலமாக, ஒரு திட்டத்தின் நிரலை எடுத்துக்கொண்டு தனிவழி போவதற்கும் அதே பெயர். அதில் ஒரு மனக்கசப்பின் வாசனையும் இருந்தது. கிட்ஹப் மாதிரியான தளங்கள் வந்தபின், ஒரு சின்னத் திருத்தம் அனுப்புவதற்காக உங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நகலுக்கும் ஃபோர்க் என்றே பெயராகிவிட்டது. முதல் திருத்தம் அனுப்ப வந்தவரிடம் ‘திட்டத்தை ஃபோர்க் செய்யுங்கள்’ என்று சொன்னால், சண்டை போட்டுக்கொண்டு பிரியச் சொல்கிறார்களோ என்று நினைக்க மாட்டாரா?

இதற்கு வரைவில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்திருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். இந்த ஆவணங்களில் ஒரு பொருள் மட்டும்தான் வருகிறது என்றால் அதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாப் பொருளையும் எழுதிவைப்பது கடமை என்ற எண்ணம் அகராதி எழுதுகிறவருக்கு இருக்கட்டும்.

இந்தத் துறையின் பெயரிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்றால் காசு இல்லாதது என்றும் படிக்கலாம், சுதந்திரமுள்ளது என்றும் படிக்கலாம். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1998-ல் கிறிஸ்டீன் பீட்டர்சன் ‘ஓப்பன் சோர்ஸ்’ (திறமூலம்) என்ற பெயரை முன்வைத்தார். தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்பதால் நாம் தப்பித்தோம். ஆனால் வரைவில் ‘கட்டற்ற மென்பொருள்: இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்’ என்று யாராவது எழுதியிருந்தால், தப்பித்த பள்ளத்தில் நாமே போய் விழுந்த மாதிரி.

சின்னச் சொற்களைக் கவனியுங்கள்

பெரிய பெரிய பெயர்ச்சொற்களையே தேடிப் பட்டியல் போடுவது எல்லோருக்கும் பழக்கம். ஆவணத்தில் அதிகம் தொல்லை தருபவை ‘வேண்டும்’, ‘நல்லது’, ‘லாம்’ ஆகிய மூன்றும்தான். ‘இந்த அமைப்பை மாற்ற வேண்டும்’ என்றால் மாற்றாவிட்டால் ஓடாதா, அல்லது மாற்றினால் நன்றாக ஓடுமா?

இணையத்தின் நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் இதை 1997-லேயே உட்கார்ந்து தீர்த்தார்கள். ஆர்எஃப்சி 2119 என்ற சிறிய ஆவணம், ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ போன்ற சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் வரையறுத்தது. முதலாவது கட்டாயம். இரண்டாவது, தக்க காரணம் இருந்து விளைவு தெரிந்தால் மட்டும் மீறலாம். மூன்றாவது உங்கள் விருப்பம். அப்படியும் வாதம் நிற்கவில்லை. இந்த ஆங்கிலச் சொற்களைச் சின்ன எழுத்தில் எழுதினாலும் இதே பொருளா என்று கேள்வி வந்தது. பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள் என்று 2017-ல் ஆர்எஃப்சி 8174 சொல்லி முடித்தது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் தமிழ் ஆவணம் என்றால் இந்த வித்தியாசத்தை வேறு வழியில்தான் காட்ட முடியும். ‘கட்டாயம் மாற்ற வேண்டும்’, ‘மாற்றுவது நல்லது’, ‘விரும்பினால் மாற்றலாம்’ என்று மூன்று வடிவங்களை நிர்ணயித்துப் பட்டியலிலேயே எழுதிவைக்கச் சொல்லலாம். வரைவில் இது இல்லையென்றால் நீங்கள் முன்வைக்கக்கூடிய மிகப் பயனுள்ள சேர்க்கை இதுதான் என்பது என் கணிப்பு.

தமிழ்ச் சொல்லா, கடன் சொல்லா?

தமிழ் ஆவணங்களுக்கான பட்டியல் என்றால் மதிப்பாய்வு நேரத்தில் பாதி இந்தக் கேள்விக்கே போய்விடும். மீதிப் பாதியும் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, திரையில் என்ன இருக்கிறது. மென்பொருளின் மெனுவில் ‘கோப்பு’ என்று இருந்தால் ஆவணத்திலும் கோப்புதான். ‘ஃபைல்’ அழகா, ‘கோப்பு’ அழகா என்ற பேச்சுக்கே இடமில்லை. படிப்பவர் ஒரு கண்ணை ஆவணத்திலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்திருக்கிறார். அவர் தேடும் சொல் அங்கே அதே எழுத்துகளில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு சேர்த்துப் பார்ப்பது. பட்டியலில் தனியாக நிற்கும்போது எல்லாச் சொல்லும் மிடுக்காகத்தான் இருக்கும். ‘ஐ’, ‘இல்’, ‘உக்கு’, ‘கள்’ எல்லாம் சேர்த்து ஒரு வாக்கியத்தில் ஓட்டிப் பாருங்கள். ‘கமிட்டை’, ‘கமிட்டில்’, ‘கமிட்டுகளுக்கு’ சிரமமில்லாமல் ஓடுகிறது. பிராஞ்சுக்குக் ‘கிளை’ என்றால் ‘கிளையில்’, ‘கிளைகளை’ என்று தண்ணீர் மாதிரி வருகிறது. நான்கு சொற்களை ஒட்டிச் செய்த ஒரு நீளமான ஆக்கத்தில் ‘களிலிருந்து’ சேர்த்தால் அது மூச்சு வாங்கும். எழுதுகிறவர்களே மூன்றாம் பத்தியில் அதைக் கைவிட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, வினையா பெயரா என்பது. ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்ற ஒரே சொல் பொத்தானிலும் வரும், ஒரு பிழை அறிக்கையின் நிலையைக் காட்டவும் வரும். தமிழில் பொத்தானுக்கு ‘திற’ என்று வேண்டும். அறிக்கைக்கு ‘தீர்க்கப்படாதது’ என்பது போல ஒன்று வேண்டும். வரைவில் ‘ஓப்பன்: திற’ என்று மட்டும் இருந்தால், ‘திற பிழைகள்: 14’ என்று ஒரு நாள் திரையில் வந்தே தீரும். ஒவ்வொரு பதிவிலும் அது எங்கே வரும் சொல் என்று ஒரு குறிப்பு கேளுங்கள்.

கட்டளைகளும் ஆப்ஷன் பெயர்களும் மொழிபெயர்ப்புக்கு அப்பாற்பட்டவை. பயனர் அவற்றை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகளில், ஒரு சொல்லை மொழிபெயர்க்கக் கூடாதது என்றோ ஒரு மொழிபெயர்ப்பைத் தவிர்க்க வேண்டியது என்றோ சொற்பட்டியலிலேயே குறித்துவைக்க வசதி உண்டு. இரண்டாவது வசதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘இதைப் பயன்படுத்துங்கள்’ என்பதோடு ‘அதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்பதும் பட்டியலில் இருந்தால் அதே வாதம் மாதம் ஒருமுறை திரும்ப வராது.

பெயர் மாறும்போது

சில சொற்களைச் சுற்றி வாதம் சூடாகும். எஜமான், அடிமை என்று பொருள்படும் ‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’ என்ற சொற்களை, இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ 2014-லேயே தன் ஆவணங்களிலிருந்து எடுத்தது. ரெடிஸ் தரவுத்தளம் 2018-ல் ‘ஸ்லேவ்’ என்பதை விட்டு ‘ரெப்ளிகா’ (நகல்) என்ற சொல்லுக்கு மாறியது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 2020-ல் இதற்கு வழிகாட்டுதல் சேர்த்தது. அதே ஆண்டு வந்த கிட் 2.28-ல், அதுவரை ‘மாஸ்டர்’ என்றே இருந்த முதல் பிராஞ்சின் பெயரை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி வந்தது. உங்கள் வரைவில் இப்படி ஒரு சொல் இருந்தால் இரண்டு கேள்விகளைக் கலக்காதீர்கள்: இனி எந்தச் சொல்லை எழுதப்போகிறோம் என்பது ஒன்று, மென்பொருளில் இன்று எந்தச் சொல் இருக்கிறது என்பது இன்னொன்று. ஆப்ஷனின் பெயர் இன்னும் பழையதாக இருக்கும்போது ஆவணத்தில் புதியதை எழுதினால் கட்டளை ஓடாது.

தொழில்நுட்ப அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குபெர்னெட்டீஸ் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் கோப்பு வைத்திருக்கிறது. முதலில் ஒரு குறுவிளக்கம், அதற்குக் கீழே நீண்ட விளக்கம். ஆவணத்தில் சொல்லின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் குறுவிளக்கம் எழும். ஆகவே அந்த முதல் வரி தனியாக நின்றாலும் புரிகிறதா என்று பாருங்கள். ஸ்பிங்ஸ் கருவியில் ஆவணம் எழுதும் திட்டம் என்றால், பட்டியலில் இல்லாத சொல்லை யாராவது சுட்டியிருந்தால் பில்டு செய்யும்போது (ஆவணப் பக்கங்களை உருவாக்கும்போது) அதுவே எச்சரிக்கும். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் உங்கள் கண்ணுக்கு அந்த வேலை மிச்சம்.

கருத்து எழுதுவது

எண்பது சொல்லுக்கு எண்பது கருத்து எழுதி அனுப்பினால் வரைவை எழுதியவர் மடிக்கணினியை மூடிவிட்டுப் போய்விடுவார். முதலில் மொத்தப் பட்டியலைப் பற்றிய கருத்து: எவை இல்லை, எவை வேண்டாம். அது முடிவான பிறகு தனித்தனிப் பதிவுகள். நீக்கப்போகிற பதிவுக்கு யாரும் வாக்கியம் திருத்த வேண்டாமே. எழுத்துப்பிழைகளைக் கடைசியில் ஒரே தொகுப்பாகக் கொடுங்கள், அல்லது நீங்களே திருத்தி அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு கருத்திலும் ஆவணத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து வையுங்கள். “களஞ்சியத்துக்கான விளக்கம் சரியில்லை” என்பது சண்டைக்கு அழைப்பது போல இருக்கிறது. “முதல் பாடத்தில் ‘களஞ்சியத்தை நகலெடுங்கள்’ என்று வருகிறது. இந்த விளக்கத்தோடு படித்தால் ஜிப் கோப்பை இறக்கினால் போதும் என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது. வரலாறும் சேர்ந்தது என்று சொல்லலாமா?” என்றால் எதிரே இருப்பவர் உங்களை விட்டுவிட்டு அந்த வாக்கியத்தைப் பார்ப்பார். திருத்தச் சொல்வதா, சந்தேகம் கேட்பதா, வெறும் விருப்பமா என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். உங்கள் விருப்பத்தைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு ஒருவர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

அப்புறம், யாரும் பயன்படுத்தக் கூடாது என்று முடிவான பழைய சொல்லைப் பட்டியலிலிருந்து அடியோடு அழித்துவிட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பாடங்களிலும் பழைய விடைகளிலும் அந்தச் சொல் இன்னும் இருக்கும். அங்கிருந்து தடுக்கி விழுந்து வருகிறவருக்கு ஒரு வழி வேண்டும். கிட்டின் சொற்பட்டியலில் ‘கேச்’ என்ற பதிவுக்கு இருப்பது ஒரே வரிதான்: இது வழக்கொழிந்தது, இண்டெக்ஸ் என்பதைப் பார்க்கவும் என்ற அளவில்.